ப்ளம்பர் லைசென்ஸ்: இந்த ஊர்ல வாங்கினது அந்த ஊர்ல செல்லுமா? அடிக்கடி கேக்கற கேள்விகள்

நான் பைப் வேலைக்கு வந்தது ஜிஐ பைப் (துத்தநாகம் பூசின இரும்பு பைப்) காலத்துல, மேஸ்திரி த்ரெட் வெட்டும்போது எண்ணெய் ஊத்திக்கிட்டு பைப்ப அசையாம புடிச்சுக்கிட்டு நிக்கறதுதான் எனக்கு மொத வேலை. இப்போ வில்லிவாக்கம், அண்ணா நகர், நங்கநல்லூர், குரோம்பேட்டைன்னு கான்ட்ராக்ட் எடுத்து பண்றேன். வீட்டுக்காரங்களும் கேக்கறாங்க, வேலைக்கு வர்ற பசங்களும் கேக்கறாங்க, அதனால வாய்ல சொன்னத எல்லாம் ஒரு எடத்துல எழுதி வைக்கறேன்.

ஐடிஐ சர்டிஃபிகேட் வெச்சிருக்கேன் அண்ணே, அதுவே லைசென்ஸ் தானே?

இல்ல தம்பி. மொத குழப்பமே இதுதான், இது புரிஞ்சா மீதி எல்லாம் புரியும். ஐடிஐல ப்ளம்பர் ட்ரேடு ஒரு வருஷ படிப்பு, முடிச்சா இந்தியா முழுக்க செல்லற சர்டிஃபிகேட் வரும், அதுல என்ன எழுதியிருக்குன்னா இவனுக்கு வேலை தெரியும். லைசென்ஸ்ல எழுதியிருக்கறது வேற: என் லைன்ல கை வைக்க இந்த ஆளுக்கு அனுமதி குடுத்திருக்கேன், தப்பு நடந்தா இவனத்தான் கூப்பிட்டு கேப்பேன். மொத பேப்பர் உன் கையோட வேலை, அது நீ போற எடத்துக்கெல்லாம் கூட வரும். ரெண்டாவது பேப்பர் பைப்போட ஓனர் குடுக்கறது, ஓனர் மாறினா அதுக்கு மதிப்பு இல்ல. என் வீட்டு சாவிய உன்கிட்ட குடுத்தா பக்கத்து வீட்ட தொறக்க முடியுமா, அந்த மாதிரி.

சென்னைல அந்த பைப் ஓனர் யாரு?

மெட்ரோ வாட்டர். 1978ல சட்டம் போட்டு உருவாக்கின வாரியம், தலைமை ஆபீஸ் சிந்தாதிரிப்பேட்டை பம்பிங் ஸ்டேஷன் ரோட்ல இருக்கு. தெருவுல ஓடற குடிதண்ணி மெயினும் பாதாள சாக்கடையும் அவங்களோடது, மழைநீர் வடிகால் மாநகராட்சியோடது, மேல இருக்கற ரோடு தெருவ பொறுத்து மாநகராட்சி இல்லனா நெடுஞ்சாலைத் துறை. ஒரே பத்தடிக்குள்ள மூணு ஓனரு! சென்னைல லைசென்ஸ்னு நான் சொல்றது மெட்ரோ வாட்டர்ல பண்ற பதிவத்தான். அங்க பதிவு பண்ண ப்ளம்பர்னு சொல்லிட்டு ரோட்ட அவரு இஷ்டத்துக்கு தோண்ட முடியாது, அதுக்கு ரோடு கட் பர்மிஷன் தனி, ஐப்பசி கார்த்திகை மழை நேரத்துல அதையும் நிறுத்தி வெச்சிடுவாங்க. புது கனெக்ஷனுக்கு அவசரப்படறவங்க ஆடி ஆவணிலயே வேலைய ஆரம்பிச்சிடுங்க, ஐப்பசில ஃபோன் பண்ணி என்ன திட்டாதீங்க.

பதிவு பண்ண ப்ளம்பர் யாருன்னு உங்க ஏரியா டிப்போல, அதாவது மெட்ரோ வாட்டரோட உள்ளூர் ஆபீஸ்ல கேளுங்க, டிப்போ எதுன்னே தெரியலன்னா 1916க்கு இல்ல 044 4567 4567க்கு அடிச்சு கேக்கலாம்.

வீட்டுக்குள்ள ஒரு டேப் மாத்தறதுக்கும் லைசென்ஸ் ப்ளம்பர கூப்பிடணுமா?

வேணாம். வாஷர் போறது, ஃப்ளஷ் டேங்க் ஒழுகறது, கீசர் லைன் இழுக்கறது, சம்புல இருந்து மேல் டேங்குக்கு லைன் போடறது, இதுக்கெல்லாம் யாரும் லைசென்ஸ் கேக்கறதில்ல, வேலை தெரிஞ்ச ஆளு போதும். தெரு மெயின்ல ஃபெரூல் (மெயின் பைப்ப தொளைச்சு மாட்டற சின்ன இணைப்பு) போட்டு தண்ணி எடுக்கற எடம், வீட்டு கடைசி சேம்பர்ல (மூடி போட்ட சாக்கடைத் தொட்டி) இருந்து தெரு மேன்ஹோலுக்கு போற லைன், இந்த ரெண்டு எடத்துலயும் தான் அனுமதி இல்லாம கை வைக்கக் கூடாது. உங்க வீட்டுக்குள்ள ஒரு ஜாயின்ட் லீக் ஆனா உங்க சுவரு ஊறும், அவ்வளவு தான், தெருவுல குடிதண்ணி லைனுக்கு போட்ட ஜாயின்ட் சாக்கடை பக்கத்துல லீக் ஆச்சுன்னா தண்ணி நிக்கற நேரத்துல அழுக்கு உள்ள போயி அந்த தெருவே வாந்தி பேதில படுக்கும். லைசென்ஸ்னு ஒண்ணு உலகத்துல வந்ததுக்கே காரணம் இந்த ரெண்டாவது விஷயம் தான்னு நான் நெனைக்கறேன்.

ஆனா தேசிய கட்டட விதில எல்லா ப்ளம்பிங் வேலையும் லைசென்ஸ் ப்ளம்பர் தான் பண்ணணும்னு இருக்காமே?

இருக்கு. 2016ல பிஐஎஸ் (இந்திய தர நிர்ணய அமைப்பு) வெளியிட்ட நேஷனல் பில்டிங் கோடுல ஒன்பதாவது பாகம் முழுக்க ப்ளம்பிங் தான், தண்ணி, வடிகால், கேஸ் எல்லாம் அதுல வருது. லைசென்ஸ் உள்ள ப்ளம்பர் தான் வேலைய செய்யணும், பரீட்சை வெச்சு லைசென்ஸ் குடுக்கறது அந்தந்த ஊர் அதிகாரத்தோட பொறுப்புன்னு அதுல சொல்லியிருக்கு. ஆனா அந்த கோடு ஒரு பரிந்துரை, மாநிலமோ உள்ளாட்சியோ தன்னோட விதில எடுத்து சேத்தாதான் அது கட்டாயம். அதோட அந்த கோடே அந்தந்த ஊர்னு தான் சொல்லுது பாருங்க, இந்தியா முழுக்க ஒரே லைசென்ஸ்னு அதுலயும் கெடையாது.

டிரைவிங் லைசென்ஸ் மட்டும் எப்படி கன்னியாகுமரில வாங்கினா காஷ்மீர்ல செல்லுது?

நல்ல கேள்வி, ஒரு பத்தாங்கிளாஸ் பையன் கேட்டான் இத. மோட்டார் வாகன சட்டம் 1988 மத்திய சட்டம், நாட்டுக்கே ஒண்ணு. தண்ணி அப்படி இல்ல, அரசியலமைப்புல தண்ணி மாநிலப் பட்டியல்ல 17வது, பொது சுகாதாரமும் அதே பட்டியல்ல 6வது. 74வது திருத்தம் 1993ல அமலுக்கு வந்தப்போ குடிநீர் வழங்கறது, சுகாதாரம் எல்லாம் நகராட்சிகளுக்கு விடக்கூடிய வேலைகள்னு பன்னெண்டாவது அட்டவணைல போட்டாங்க. அதனால மாநிலமோ, வாரியமோ, நகராட்சியோ ஒவ்வொருத்தரும் அவங்கவங்க லைனுக்கு அவங்கவங்க விதி.

சரி, சென்னைல பதிவு பண்ண ப்ளம்பர் தாம்பரத்துல வேலை செய்யலாமா?

உள் வேலை தாராளமா செய்யலாம். தெரு லைன்ல கை வைக்கணும்னா சென்னை பதிவ காட்டி நிக்க முடியாது. தாம்பரம் 2021ல தனி மாநகராட்சி ஆச்சு, ஆவடி அதுக்கு முன்னாடி 2019லயே ஆயிடுச்சு, அங்க லைன் அவங்களோடது, அவங்க கிட்டதான் விண்ணப்பம், அவங்க இன்ஜினியர் தான் வந்து பாப்பாரு. சென்னைல வேலை செஞ்ச அனுபவம்னு சொன்னா கொஞ்சம் மரியாதையா பேசுவாங்க, மத்தபடி பேப்பர் பேப்பர் தான்.

இதுல கூத்து என்னன்னா எல்லை. நங்கநல்லூர் சென்னை மாநகராட்சி, ஒட்டினாப்ல இருக்கற மூவரசம்பட்டு ரொம்ப வருஷம் ஊராட்சியாவே இருந்துச்சு, ஒரு தெரு தாண்டினா விதி மாறும். இந்தப் பக்கம் டிப்போ ஏஇ (உதவிப் பொறியாளர்), அந்தப் பக்கம் ஊராட்சி தலைவரும் டேங்க் ஆப்பரேட்டரும். ஊராட்சில யாரு லைசென்ஸ் கேக்கறாங்க, டேங்க் ஆப்பரேட்டர் அண்ணன் சரின்னா சரி. ஒரே நாள்ல காலைல அந்த ஊர்லயும் மத்தியானம் இந்த ஊர்லயும் வேலை செஞ்சிருக்கேன், ஸ்பேனர் ஒண்ணுதான், பேசற பேச்சு தான் வேற.

2011ல நிறைய ஊர சென்னையோட சேத்தாங்களே, அப்போ அங்க இருந்த ப்ளம்பருங்க கதி?

அப்போ 42 உள்ளாட்சிய சேத்து சென்னைய 174 சதுர கிலோமீட்டர்ல இருந்து 426 ஆக்கினாங்க. ஆலந்தூர எடுத்துக்கோங்க, அங்க நகராட்சியா இருந்தப்போ வீட்டுக்கு 5,000 ரூபா டெபாசிட் மக்கள் கிட்ட வாங்கி பாதாள சாக்கடை போட்டாங்க, நாடு முழுக்க பேசின திட்டம் அது. அந்த சமயத்துல கனெக்ஷன் அனுமதி எல்லாம் நகராட்சி ஆபீஸ்ல தான், சேந்த பிறகு அதே மேன்ஹோல் மெட்ரோ வாட்டரோடதா ஆயிடுச்சு. பைப் நகரவே இல்ல, ஓனர் மாறிட்டாரு. நகராட்சி ஆபீஸ் முகம் தெரிஞ்ச ப்ளம்பருங்க எல்லாரும் திரும்ப புதுசா டிப்போ வாசல்ல போய் நின்னாங்க. இருபது வருஷம் அதே தெருவுல வேலை செஞ்ச ஆளுக்கு எந்த வளைவுல எந்த லைன் போகுதுன்னு வரைபடம் இல்லாமலே தெரியும், அந்த அறிவ எந்த பேப்பர்ல பதியறது? ஊருங்கள சேக்கும்போது அங்க வேலை செஞ்ச ஆளுங்களையும் ஒரு சின்ன டெஸ்ட் வெச்சு சேத்துக்கணும்னு எனக்கு ஒரு எண்ணம் உண்டு, அதிகாரத்துல இருக்கற யாராவது படிச்சா யோசிக்கட்டும்.

எலக்ட்ரீஷியனுக்கு மாநிலம் முழுக்க ஒரே லைசென்ஸ் தானே, நமக்கு ஏன் இல்ல?

ஆமா, அவங்களுக்கு தமிழ்நாடு எலக்ட்ரிக்கல் லைசென்சிங் போர்டுன்னு ஒண்ணு இருக்கு, கான்ட்ராக்டருக்கு தனி லைசென்ஸ், சூப்பர்வைசருக்கு சி, வயர்மேனுக்கு பி, ஹெல்ப்பருக்கு எச் சர்டிஃபிகேட். சென்னைல வாங்கினா செங்கோட்டைல செல்லும். கரெண்டு மாநிலத்துல ஒரே வாரியத்தோட கையில இருந்து வளந்துச்சு, தண்ணி ஊர் ஊரா ஏரி, கெணறு, நகராட்சி டேங்குன்னு வளந்துச்சு, அதான் வித்தியாசம். மெட்ரோ வாட்டர் இல்லாம தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம்னு தனியா ஒண்ணு 1971ல இருந்து இருக்கு, ஆனா அவங்க பெரிய திட்டம் போட்டு ஊராட்சி நகராட்சிக்கு தண்ணி குடுக்கறவங்க, வீட்டு கனெக்ஷன் உள்ளூர் ஆளுங்க கையில தான். கேரளால பாருங்க, வாட்டர் அத்தாரிட்டி ஒண்ணே பெரும்பாலான எடத்துல வீடு வரைக்கும் வருது, லைசென்ஸும் அவங்களே குடுக்கறாங்க. ஓனர் ஒருத்தர்னா லைசென்ஸும் ஒண்ணு.

பெங்களூரு, மும்பைல போய் வேலை செய்யணும்னா?

பெங்களூருல குடிநீர் வாரியமான பிடபிள்யூஎஸ்எஸ்பி, மும்பைல மாநகராட்சி, டெல்லில ஜல் போர்டு, எல்லாருக்கும் சொந்த லைசென்ஸ். பெரிய கம்பெனி சைட்ல ஆளா போனா லைசென்ஸ் பிரச்சனையே வராது, கம்பெனி பாத்துக்கும். தனியா கனெக்ஷன் வேலை எடுக்கறதா இருந்தா அங்க புதுசா தான்.

நலவாரிய அட்டை, ஸ்கில் இந்தியா சர்டிஃபிகேட் இதெல்லாம் காட்டினா ஒத்துக்குவாங்களா?

நலவாரிய அட்டை கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தோடது, கல்யாண உதவி, படிப்பு உதவி, விபத்து, பென்ஷன் இதுக்கு. கண்டிப்பா போட்டுக்கோங்க, ஆனா அது லைசென்ஸ் இல்ல. சில பேரு அத லேமினேட் பண்ணி கழுத்துல மாட்டிக்கிட்டு கவர்மென்ட் ப்ளம்பர்னு சொல்றாங்க, வீட்டுக்காரங்க ஏமாறாதீங்க.

ஆர்பிஎல்னு ஒண்ணு இருக்கு, 2015ல ஆரம்பிச்ச பிரதமர் திறன் திட்டத்துல வருது, படிப்பு இல்லாம கைத்தொழிலா கத்துக்கிட்ட ஆளுங்களுக்கு சின்ன பயிற்சியும் டெஸ்டும் வெச்சு சர்டிஃபிகேட் குடுப்பாங்க. எட்டாங்கிளாஸ்ல நின்ன என் மாதிரி ஆளுங்களுக்கு அது ஒரு வழி. அதுவும் நான் மொதல்ல சொன்ன முதல் வகை பேப்பர் தான், வேலை தெரியும்னு சொல்ற பேப்பர். லைசென்ஸுக்கு விண்ணப்பம் போடும்போது கூட வெச்சா நல்லது, கம்பெனில சேரவும் உதவும், தனியா அதுவே அனுமதி ஆகாது.

வெளிநாடு போறேன் அண்ணே, இங்க வாங்கினது அங்க செல்லுமா?

நாட்டுக்கு நாடு மாறும், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன்.

சவூதி போறவங்களுக்கு ஸ்கில் வெரிஃபிகேஷன்னு ஒரு டெஸ்ட், இங்க இந்தியாவுலயே சென்டர் வெச்சு எழுத்தும் செய்முறையும் பாக்கறாங்க, மொத மொதல்ல ஆரம்பிச்ச அஞ்சு ட்ரேடுல ப்ளம்பரும் ஒண்ணு. அத பாஸ் பண்ணாதான் விசா பக்கம். பத்தாவது பாஸ் இல்லன்னா பாஸ்போர்ட் ஈசிஆர் (குடிபெயர்வு சோதனை தேவை) வகைல வரும், அப்போ குடிபெயர்வு அனுமதியும் வேணும். ஏஜென்ட் பதிவு பண்ணவரான்னு மத்திய அரசோட இமைகிரேட் இணையதளத்துல பாருங்க, சர்வீஸ் சார்ஜ் 30,000 ரூபாயும் அதுக்கு ஜிஎஸ்டியும் தான் சட்டப்படி வாங்கலாம், ஒண்ணரை லட்சம் கேட்டா நடைய கட்டுங்க. கிண்டில தமிழ்நாடு அரசோட ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷன் இருக்கு, 1978ல இருந்து ஆள் அனுப்பறாங்க, மொதல்ல அங்க ஒரு எட்டு போய்ட்டு வாங்க.

சிங்கப்பூர்ல பியூபி தான் தண்ணி ஓனர், லைசென்ஸ் ப்ளம்பர் அவங்க கிட்ட பதிவு. நம்ம ஆளுங்க பெரும்பாலும் அந்த லைசென்ஸ் உள்ளவருக்கு கீழ வேலை செய்வாங்க, கையெழுத்து அவரோடது.

ஆஸ்திரேலியா ஒரு தனிக் கதை, எனக்கு புடிச்சதும் அதுதான். அங்கயும் மாநிலத்துக்கு மாநிலம் லைசென்ஸ் வேற, ஆனா 1992ல ஒரு மாநிலத்தோட லைசென்ஸ இன்னொரு மாநிலம் ஒத்துக்கணும்னு சட்டமே போட்டுட்டாங்க, 1997ல நியூசிலாந்தையும் சேத்துக்கிட்டாங்க, 2021 ஜூலைல இருந்து பல மாநிலங்கள்ல திரும்ப விண்ணப்பமே இல்லாம தானா செல்லற ஏற்பாடும் வந்துச்சு. ஆனா அது அங்க லைசென்ஸ் வாங்கினவங்களுக்கு. நம்ம ஊர்ல இருந்து போற ப்ளம்பருக்கு இங்கயே தொழில்நுட்ப மதிப்பீடு வெச்சு ஒரு ரெக்கார்டு குடுப்பாங்க, அத வெச்சு அங்க தற்காலிக லைசென்ஸ் வாங்கி, ஒருத்தருக்கு கீழ வேலை செஞ்சுக்கிட்டே அவங்க ஊர் விதிய படிச்சு முடிச்சாதான் முழு லைசென்ஸ்.

கனடால ரெட் சீல்னு ஒரு பரீட்சை, ப்ளம்பர் ட்ரேடும் அதுல இருக்கு. மாகாணத்து சர்டிஃபிகேட் மேல அந்த முத்திரை விழுந்தா மத்த மாகாணத்துலயும் திரும்ப எழுத வேணாம். எல்லா மாகாணமும் ஒரே கேள்வித்தாள ஒத்துக்கிட்டதால நடக்குது அது. ஒரு ஆபீஸ் இன்னொரு ஆபீஸோட பேப்பர நம்பணும்னா அந்த பரீட்சை என்ன, தப்பு பண்ணா அங்க தண்டனை என்னன்னு ரெண்டு பேரும் ஒத்துப்போகணும், வேற எந்த மந்திரமும் இல்ல. சென்னையும் தாம்பரமும் நெனைச்சா ஒரு மத்தியானத்துல பேசி முடிக்கலாம்.

அமெரிக்கான்னா எல்லாம் ஒழுங்கா இருக்கும்னு நெனைக்காதீங்க. நியூயார்க் மாகாணத்துல மாகாண அளவுல ப்ளம்பர் லைசென்ஸே கெடையாது, நியூயார்க் சிட்டிக்கு தனி, பக்கத்து ஊருக்கு தனி. நம்ம நங்கநல்லூர் மூவரசம்பட்டு கதை தான். இங்கிலாந்துல ப்ளம்பருக்கு கட்டாய லைசென்ஸே இல்ல, கேஸ் லைன் தொடணும்னா மட்டும் கேஸ் சேஃப்ங்கற கேஸ் வேலைக்காரங்க பதிவேட்டுல பதிவு கட்டாயம்.

லைசென்ஸ் இல்லாத ஆள வெச்சு சாக்கடை கனெக்ஷன் குடுத்துட்டோம், என்ன ஆகும்?

எனக்கு தெரிஞ்ச ஒரு அபார்ட்மென்ட்ல நடந்தது. எட்டு வீடு, சாக்கடை அடிக்கடி நிக்குதுன்னு ஒருத்தர் வந்து ரெண்டே நாள்ல சரி பண்ணி காசு வாங்கிட்டு போனாரு, சும்மா ஆறு மாசம் ஜம்முன்னு ஓடுச்சு, எல்லாரும் அவர புகழ்ந்தாங்க. மழைக்கு முன்னாடி வடிகால் தூர் வார வந்தவங்க பாத்தா சாக்கடைய மழைநீர் வடிகால்ல விட்டிருக்காரு! மாநகராட்சி அடைச்சிட்டாங்க, அபராதமும் போட்டாங்க, அடைச்ச அன்னைக்கே தரைத்தளத்து வீட்ல பாத்ரூம் நஹானி ட்ராப் (தரைல தண்ணி போற ஓட்டை) வழியா எல்லாம் மேல வந்துச்சு. அந்த ஆளோட ஃபோன் ஸ்விட்ச் ஆஃப். அபராதம் வீட்டுக்காரங்க பேர்ல தான் வந்துச்சு, அவரு பேரு எங்கயும் பதிவுல இல்லையே, யாரப் போய் புடிக்கறது? கடைசில முறையா விண்ணப்பம் போட்டு, பணம் கட்டி, தெரு மேன்ஹோலுக்கு லைன் எடுத்தோம், மொத செலவ விட ரெண்டு மடங்கு ஆச்சு.

இப்படி மாட்டிக்கிட்டவங்க ஒளிச்சு வைக்காம டிப்போல போய் சொல்லுங்க, மெட்ரோ வாட்டர்ல அழைத்தால் இணைப்பு, இல்லந்தோறும் இணைப்புன்னு திட்டம் இருக்கு, தவணைல கட்டற வசதியும் குடுத்திருக்காங்க.

அடைப்பு எடுக்க லைசென்ஸ் ப்ளம்பர் மேன்ஹோல்ல எறங்குவாரா?

எறங்க மாட்டாரு, எறக்கவும் கூடாது. 2013 சட்டப்படி சாக்கடைலயும் செப்டிக் டேங்க்லயும் பாதுகாப்பு இல்லாம ஆள எறக்கறது குத்தம், மொத தடவைக்கே ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், ரெண்டு லட்சம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். எந்த லைசென்ஸும் இதுக்கு அனுமதி ஆகாது. 2023ல உச்ச நீதிமன்றம் செத்தவங்க குடும்பத்துக்கு 30 லட்சம் குடுக்கணும்னு சொல்லுச்சு, ஆனா அந்தப் பணம் வந்து என்ன, போன உயிர் வருமா. உங்க காம்பவுண்டுக்குள்ள இருக்கற சேம்பர்ல குச்சி விட்டு குத்தறதோட நாங்க நிறுத்திக்குவோம், தெரு மேன்ஹோல்னா 1916, மிஷின் வரும்.

லைசென்ஸ் நம்பர் சொல்றாரு, உண்மையான்னு எப்படி பாக்கறது?

நம்பர மட்டும் பாக்காதீங்க, ஆள பாருங்க. எங்க தொழில்ல வாடகை லைசென்ஸ்னு ஒண்ணு ஓடுது, வெளிய சொன்னா சொந்தக்காரங்களே திட்டுவாங்க, பரவால்ல. பதிவு ஒரு பெரியவர் பேர்ல இருக்கும், அவரு முட்டி வலில வீட்ல உக்காந்திருப்பாரு, கையெழுத்துக்கு ஒரு தொகை வாங்கிக்குவாரு, வேலைக்கு வர்றது நேத்து சேந்த பையன். பேப்பர்ல எல்லாம் சரியா இருக்கும். அதனால ஃபெரூல் போடற அன்னைக்கும், சேம்பர் ஜாயின்ட் போடற அன்னைக்கும் பதிவு பண்ண ஆளு நேர்ல நிக்கணும்னு முன்னாடியே சொல்லிடுங்க, மண்ணு மூடறதுக்கு முன்னாடி நாலு ஃபோட்டோ எடுத்து வைங்க. நேர்ல நிக்க ஏன் வரணும்னு எவராவது கேட்டா அவர விட்டுடுங்க.

கனெக்ஷன் சார்ஜ ப்ளம்பர் கையில குடுக்கலாமா?

போர்டுக்கு கட்ட வேண்டியத போர்டுக்கே கட்டுங்க, ஆன்லைன்ல உங்க பேர்ல ரசீது வரும். ப்ளம்பருக்கு கூலியும் சாமானும் மட்டும். மொத்தமா இவ்வளவு, எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்னு சொல்ற ஆளு கிட்ட எத எத பாத்துக்குவன்னு எழுதி வாங்குங்க.

லைசென்ஸ் ப்ளம்பர் வெச்சா மெட்ரோ வாட்டர் லைன்ல நேரா மோட்டார் போட்டுத் தருவாரா?

போட மாட்டாரு. ஏன்னு கேட்டீங்கன்னா, பதிவ இழக்கறதுக்கு அவரு தயாரா இல்ல. சம்புல விட்டு அங்கிருந்து ஏத்துங்க, இல்லன்னா அடிபம்ப் போட்டுக்கோங்க.